பேஜ்மேக்கரில் அச்சான லினக்ஸ்

விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளம் பற்றி நான் எழுதிய முதல் கட்டுரை எங்கள் ஊர்ப்பக்கத்து மாத இதழ் ஒன்றில் வந்தது. அதன் நடுவில், தனி வரியில், தடித்த எழுத்தில் 'ளரனழ' என்று அச்சாகியிருந்தது. அப்படியொரு சொல் தமிழில் கிடையாது. நான் எழுதி அனுப்பியது 'சூடோ' என்று கணினியில் தட்டிக் கொடுக்க வேண்டிய ஒரு லினக்ஸ் கட்டளை. ஆங்கிலத்தில் எஸ், யு, டி, ஓ என நாலே எழுத்து. இதழை வடிவமைக்கும் அக்கா கட்டுரை முழுவதையும் தேர்ந்தெடுத்துப் பாமினி எழுத்துருவைப் போட்டுவிட்டார். பாமினியில் எஸ் விசை ள, யு விசை ர, டி விசை ன, ஓ விசை ழ. கணினியைப் பொறுத்தவரை உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான். திரையிலும் தாளிலும் தெரிகிற உருவம் மட்டும் தமிழ். இதே கணக்கில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்டினால் 'அம்மா' வரும். டிடிபி சென்டரில் பத்து வருஷம் உட்கார்ந்தவர்களுக்கு இது மூச்சு விடுவதுபோல் பழக்கம். கட்டளை வரிக்கு மட்டும் அது ஆகாது.

அந்தக் கட்டளையை யாரும் தட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது ஒரு ஆறுதல். யோசித்தால் அதுவேதான் வருத்தமும்.

அக்கா பக்கம் வடிவமைத்த மென்பொருள் பேஜ்மேக்கர். அதன் கடைசிப் பதிப்பு 7.0. அது வந்தது 2001-இல். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடு அதற்குத் தெரியாது. ஆகவே தமிழ் எழுத வேண்டுமானால் பாமினி மாதிரி ஒரு எழுத்துருவை வைத்து ஆங்கில விசைகளுக்குத் தமிழ் வேஷம் கட்ட வேண்டும். அப்படித்தான் சிற்றிதழ், கோயில் மலர், கல்யாணப் பத்திரிகை, கட்சி நோட்டீஸ் எல்லாம் அச்சாகின. யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருளின் பெருமையை மூடிய மென்பொருளில், அதுவும் பெரும்பாலும் காசு கொடுக்காமல் நகலெடுத்த பிரதியில், அச்சுக்கோத்து வாசகர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தோம். யாரும் இதில் முரண்பாட்டைப் பார்க்கவில்லை. எனக்கே ரொம்ப நாள் தெரியவில்லை.

உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதி, இப்படி மூலநிரலை (நிரலாளர் எழுதிய வரிகளை) எல்லாருக்கும் திறந்து வைக்கும் திறந்த மூல மென்பொருளைப் பரப்பலாம் என்று நம்பி எழுதத் தொடங்கியவர்கள் தமிழில் கணிசமாக உண்டு. அந்தக் கட்டுரைகள் ஏன் சில காலத்தில் வேலை செய்தன, ஏன் பல காலம் செய்யவில்லை என்று பார்த்தால், எழுத்தின் தரம் அதில் இரண்டாம்பட்சம்தான். படிக்கிறவருக்கு இல்லாத ஒரு கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்ததுதான் எங்கள் கோளாறு என்று எனக்குத் தோன்றுகிறது.

சிடியோடு வந்த கட்டுரை

இந்தியாவில் அச்சிதழுக்கும் லினக்ஸுக்குமான உறவு சிடியில் தொடங்கியது. 1990களின் நடுவிலேயே பீசி க்வெஸ்ட் என்ற ஆங்கில மாத இதழ் லினக்ஸை சிடியில் போட்டு இதழோடு சேர்த்துத் தந்தது. அதன் பிறகு வந்த டயல்அப் காலத்தின் உச்ச வேகமே நொடிக்கு 56 கிலோபிட்தான். 700 எம்பி உள்ள ஒரு சிடியை அந்த வேகத்தில் இறக்க, இடையில் ஒருமுறைகூடத் துண்டிக்காமல் இருந்தால், கிட்டத்தட்ட 28 மணி நேரம். நடுவில் வீட்டில் யாராவது போன் ரிசீவரைக் கையில் எடுத்தால் போச்சு. அந்த நிலையில் நூறு ரூபாய் சொச்சம் கொடுத்தால் ஒரு முழு இயங்குதளமே பாலிதீன் உறையில் கைக்கு வருகிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

2003 பிப்ரவரியில் டெல்லியிலிருந்து லினக்ஸ் ஃபார் யூ என்ற இதழ் தொடங்கியது. முழுக்க முழுக்கத் திறந்த மூலத்துக்கென்றே ஒரு மாத இதழ். 2012-இல் ஓப்பன் சோர்ஸ் ஃபார் யூ என்று பெயர் மாறியது. அதற்கு நடுவில், உபுண்டு என்ற லினக்ஸ் வகையை உருவாக்கியவர்கள் 2005 முதல் 2011 வரை, கேட்டவர்களுக்கெல்லாம் சிடியைத் தபால் செலவுகூட வாங்காமல் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டு முத்திரையோடு நம் பெயர் எழுதிய உறை வருகிறது என்பதற்காகவே விண்ணப்பித்தவர்கள் இருக்கிறார்கள். கல்லூரி விடுதியில் ஒருவர் கேட்டால் பத்துப் பேருக்கு வரும்.

அந்தக் காலக் கட்டுரையைப் படித்தவர் கையில் பொருள் இருந்தது. கட்டுரை அதன் செய்முறை விளக்கம். மாட்டிக்கொண்டால் அடுத்த இதழின் கேள்வி பதில் பகுதி, அல்லது மாதம் ஒருமுறை கூடும் பயனர் குழு. சென்னையில் லினக்ஸ் பயனர் குழுவின் மாதக் கூட்டம் பல வருஷம் ஐஐடி வளாகத்தில் நடந்தது. ஆக, கட்டுரை, சிடி, ஆள் மூன்றும் சேர்ந்திருந்தன. பிற்பாடு சிடி போனது, ஆள் போனார், கட்டுரை மட்டும் தனியாக நின்றது.

தமிழில் அன்று தமிழ் கம்ப்யூட்டர் இருந்தது, தினமலரோடு கம்ப்யூட்டர் மலர் வந்தது. இவற்றைக் குறைத்துச் சொல்ல மனம் வராது. மவுஸை எப்படிப் பிடிப்பது என்பதிலிருந்து தொடங்கி, ஆங்கிலம் தகராறு செய்த எத்தனையோ பேரைக் கணினிக்கு முன்னால் உட்கார வைத்தவை அவை. சேர்த்துத் தைத்து வைத்திருந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் திறந்த மூல மென்பொருள்களான ஃபயர்பாக்ஸ் உலாவியும் படம் ஓட்டும் வி.எல்.சி.யும் ஓப்பன் ஆபீஸும் நான் வாசித்த பக்கங்களில் எல்லாம் 'இலவச டவுன்லோடு' என்ற ஒரே கட்டத்துக்குள்தான் வந்தன. முப்பது நாள் மட்டும் ஓடும் ஆன்ட்டிவைரஸுக்கும் அதே கட்டம்தான். வாசகருக்கு எல்லாம் ஒன்று.

இலவசமும் மூலமும்

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன், அதற்கான குனு திட்டத்தை அறிவித்தது 1983 செப்டம்பரில். அன்றிலிருந்து நாற்பது வருஷத்துக்கு மேலாக அந்த இயக்கத்தார் ஒரே விளக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது: நாங்கள் சொல்வது காசில்லாததை இல்லை, சுதந்திரத்தை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் என்பதால் வந்த வினை. நமக்கு அந்தத் தொல்லையே கிடையாது. இலவசம் வேறு, சுதந்திரம் வேறு, கட்டற்றது வேறு. ஆங்கிலக்காரருக்குக் கிடைக்காத இந்த வசதி கையில் இருந்தும், தலைப்பு போடும்போது நாம் 'இலவச மென்பொருள்' என்றே போட்டோம்.

தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்குத் தனி வரலாறு உண்டு. தொலைக்காட்சிப் பெட்டி, மிக்சி, கிரைண்டர் என்று தேர்தல் மேடைகளில் புரண்டு புரண்டு, கொஞ்சம் கேலியும் கொஞ்சம் சந்தேகமும் ஒட்டிக்கொண்ட சொல் அது. ஓசியில் வருவது உருப்படியாக இருக்காது என்கிற எண்ணமும் கூடவே வரும். அரசுக்கே அது உறுத்தியதோ என்னவோ, 2011-க்குப் பிறகு 'விலையில்லா' என்று மாற்றிக்கொண்டார்கள். அப்படி வந்த விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பிளஸ் டூ பையன்களும் பெண்களும் லட்சக்கணக்கில் லினக்ஸை வீட்டுக்கே எடுத்துப் போனார்கள். சிடி இதழ்கள் கனவிலும் காணாத வீச்சு அது. அந்தப் பிள்ளைகளுக்கு, 'உன் மடிக்கணினியில் இன்னொரு கதவு இருக்கிறது, அதைத் திறந்தால் இது செய்யலாம்' என்று மாதா மாதம் சொல்லிக்கொடுத்த ஒரு தமிழ் அச்சுத் தொடர் என் கண்ணில் படவில்லை. நானும் எழுதவில்லை. அழித்துவிட்டு விண்டோஸை மட்டும் வைத்துக்கொள்வது எப்படி என்று காட்டிக்கொடுத்த அண்ணன்கள்தான் எங்கள் தெருவில் இருந்தார்கள்.

'கட்டற்ற' என்ற சொல்லைப் பொதுவாசகர் காதில் விழ வைத்தது தமிழ் விக்கிப்பீடியா. 'கட்டற்ற கலைக்களஞ்சியம்' என்று முகப்பிலேயே இருக்கிறது. 'திறந்த மூலம்' கொஞ்சம் சங்கடமான சொல். ஒரு ஆசிரியரிடம் 'திறந்த மூல மென்பொருள்' என்ற தலைப்போடு கட்டுரையைக் கொடுத்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "தம்பி, நம்ம பத்திரிகையில மூலம்னு தலைப்பு வந்தா, பக்கத்துல சித்த வைத்தியசாலை விளம்பரம் கேட்டு வந்துருவாங்க." நியாயம்தான். 'ஓப்பன் சோர்ஸ்' என்றே போட்டோம். கலைச்சொல் சுத்தமாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிற நண்பர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் எந்தச் சொல்லைப் போட்டால் ஆள் பக்கத்தைப் புரட்டாமல் நிற்பார் என்பது பத்திரிகைக்காரருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

மிச்சக் கணக்கு

வெளிநாட்டுக் கட்டுரைகளைப் பார்த்து நாங்கள் எடுத்துக்கொண்ட முதல் வாதம், செலவு மிச்சம். ஆபீஸ் தொகுப்பு இத்தனை ஆயிரம், படம் திருத்தும் மென்பொருள் இத்தனை ஆயிரம், லிப்ரே ஆபீஸும் கிம்ப்பும் போட்டால் அத்தனையும் மிச்சம். படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நம் ஊர் ஸ்டூடியோக்காரர் போட்டோஷாப்புக்கு எப்போது காசு கொடுத்தார்? கணினி விற்ற கடைக்காரர் விண்டோஸ், ஆபீஸ், போட்டோஷாப், பேஜ்மேக்கர், இருபது தமிழ் எழுத்துரு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஏற்றித்தான் கொடுப்பார். சர்வீஸ் சார்ஜ் முந்நூறு ரூபாய். ஏற்கனவே ஓசியில் வைத்திருப்பவரிடம் போய் 'இது ஓசி' என்று சொல்வதில் என்ன இருக்கிறது? இங்கே லினக்ஸோடு போட்டியிட்டது திருட்டுப் பிரதி. அதன் விலையும் பூஜ்யம்.

கேரளத்துக் கணக்கு ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அங்கே பள்ளிக் கணினிகள் பல ஆண்டுகளாகவே லினக்ஸில் ஓடுகின்றன. 2001-இல் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் திருவனந்தபுரத்தில் தொடங்கி வைக்க ஸ்டால்மனே வந்திருந்தார். அந்தக் காலத்தில் கிளம்பிய வேகம் பள்ளிக்கூடம் வரை போனது. 2019-இல் பள்ளிகளின் இரண்டு லட்சம் கணினிகளுக்குப் புதிய லினக்ஸ் பதிப்பு வந்தபோது, இதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று செய்தி வெளியானது. பத்திரிகைகள் அந்த எண்ணைத்தான் தலைப்பாக்கின. வகுத்துப் பாருங்கள்: ஒரு கணினிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய். அதில் உள்ள ஒவ்வொரு நிரலுக்கும் ஈடான விலை மென்பொருளை முழு விலைக்கு வாங்கினால் ஆகும் செலவு என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வரலாம். ஆனால் எந்தப் பள்ளிக்கூடம் ஒரு கணினிக்கு ஒன்றரை லட்சத்துக்கு மென்பொருள் வாங்கியிருக்கப் போகிறது? செலவழித்திருக்கவே போவதில்லை என்கிற பணத்தை மிச்சம் என்று சொல்வது எனக்கு ஒட்டவில்லை. அந்தப் பள்ளிகளில் நடந்த உண்மையான காரியம், பாடத்துக்குத் தேவையானதைத் தேவையான மொழியில் ஆசிரியர்களே சேர்த்து மாற்றிக்கொள்ள முடிந்தது. அதைத் தலைப்பாக்குவது கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன்.

சரி, எந்தக் கட்டுரைக்குத்தான் ஆள் கூடியது? செய்தியோடு ஒட்டி வந்தவற்றுக்கு. 2014 ஏப்ரல் 8-ஆம் தேதி விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு நின்றது. தமிழக அரசு தன் துறைகளைப் பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது. அந்த இரண்டு மூன்று மாதமும், பழைய கணினியை என்ன செய்வது என்ற கேள்வி நிஜமாகவே வீட்டுக்கு வீடு இருந்தது. 512 எம்பி நினைவகம் உள்ள பழைய பெட்டியில் ஓடக்கூடிய எடை குறைந்த லினக்ஸைப் பற்றி எழுதியபோது, அதுவரை இல்லாத அளவுக்கு வாசகர் கடிதம் வந்தது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீநிரல் வந்து உலகம் முழுக்க விண்டோஸ் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டபோது மறுபடி ஒரு ஜன்னல் திறந்தது. 2022-இல் வி.எல்.சி.யின் தளம் இந்தியாவில் திடீரென்று திறக்காமல் போய், அந்த வருஷம் நவம்பரில் மீண்டும் வந்தது. இந்த மூன்றாவதைத் தமிழ்ப் பக்கங்கள் இன்னும் நன்றாகப் பயன்படுத்தியிருக்கலாம். ஊரில் எல்லார் கணினியிலும் இருக்கும் அந்த ஆரஞ்சுக் கூம்பு ஒரு பிரெஞ்சுக் கல்லூரி மாணவர்கள் 1996-இல் தொடங்கிய வேலை, 2001-இல் அதன் மூலநிரல் எல்லோருக்கும் திறக்கப்பட்டது என்று சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

நம் கடலோரத்துக் கதை ஒன்றும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இலங்கை நிரலாளர்கள் காணாமல் போனவர்கள், முகாம்கள், நிவாரணப் பொருள்கள் எல்லாவற்றையும் பதிவு செய்ய நாள்கணக்கில் எழுதிய மென்பொருள் சகானா. திறந்த மூலம். பிறகு வேறு நாட்டுப் பேரிடர்களிலும் பயன்பட்டது. 2006-இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நலன் விருது அதற்குக் கிடைத்தது. நாகப்பட்டினத்தில் இருந்து வரும் ஒரு பத்திரிகையில் உரிமம், நான்கு சுதந்திரம் என்று பாடம் எடுப்பதைவிட இந்த ஒரு கதை போதும். யாரும் காசு கேட்காததால் மட்டும் அது பிற நாடுகளுக்குப் போகவில்லை. மாற்றி அமைத்துக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை என்பதால் போனது.

இரண்டு பக்கம் விளம்பரம்

பத்திரிகை வழியாகத் திறந்த மூலத்தைப் பரப்பியதில் எல்லாரும் சொல்லும் சம்பவம் ஃபயர்பாக்ஸ் விளம்பரம். 1.0 பதிப்பு 2004 நவம்பர் 9 அன்று வந்தது. அதை அறிவிக்க ரசிகர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சுமார் இரண்டரை லட்சம் டாலர் திரட்டினார்கள். டிசம்பர் 16 நியூயார்க் டைம்ஸில் இரண்டு முழுப் பக்கம். ஒரு பக்கம் நிறைய, பணம் கொடுத்த பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் பெயர், பூதக்கண்ணாடி வேண்டும் அளவுக்குப் பொடி எழுத்தில். கோயிலில் ட்யூப்லைட் உபயம் மாதிரிதான், பெயர் தெரிகிறதா என்று தேடித் தேடிப் பார்த்திருப்பார்கள்.

அந்த விளம்பரம் எடுபட்டதற்குப் பணம் பாதிக் காரணம். மீதிப் பாதி, அது கேட்ட காரியம் ரொம்பச் சின்னது. வாசகர் விண்டோஸை விட வேண்டாம், எதையும் அழிக்க வேண்டாம். ஒரு உலாவியை இறக்கிக்கொள்ள வேண்டும், பிடிக்கவில்லையென்றால் நீக்கிவிடலாம். நாங்களோ எடுத்த எடுப்பில் இயங்குதளத்தையே மாற்றச் சொன்னோம். வன்தட்டைப் பிரிப்பது எப்படி என்று முதல் மாதமே எழுதினோம். ஒரு வாசகரின் மகள் கல்யாண ஆல்பம் அந்தப் பிரிவினையில் போனதாகக் கேள்விப்பட்டபோது எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அதற்கப்புறம் வன்தட்டு விஷயத்தை அச்சில் எழுதுவதை விட்டுவிட்டேன்.

2012 ஜனவரியில் கணியம் மின்னிதழ் தொடங்கியபோது வேறு வழி திறந்தது. அச்சு ஆசிரியரின் தயவு வேண்டாம், பக்க அளவு கிடையாது, கட்டளைகள் கட்டளைகளாகவே வரும். கட்டற்ற மென்பொருளுக்கென்றே தமிழில் ஒரு மின்னிதழ். அதன் கட்டுரைகளை யாரும் எடுத்துப் பகிரலாம், மாற்றலாம், அச்சிடலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு. மையெஸ்கியூஎல் தரவுத்தளம், லினக்ஸ், பைத்தான் நிரல்மொழி என்று 'எளிய தமிழில்' வரிசையாக வந்தவற்றை மின்னூலாக இறக்கிப் படித்து வேலைக்குப் போனவர்கள் உண்டு. இதன் எல்லையும் தெரிந்ததுதான்: தேடிக்கொண்டு வருபவருக்குத்தான் கிடைக்கும். பஸ் ஸ்டாண்ட் கடையில் தொங்கும் இதழ், தேடாதவர் கையிலும் சிக்கும்.

இரண்டையும் இணைத்துவிடலாம், கணியத்தில் வருவதை உள்ளூர் இதழ்கள் எடுத்துப் போடட்டும் என்று எனக்கு ஆசை. ஒரு ஆசிரியரிடம் போனேன்.

"இது வேற எங்கயாவது வந்ததா?"

"வந்திருக்கு சார். ஆனா யார் வேணும்னாலும் எடுத்துப் போடலாம்னு உரிமம் இருக்கு. காசு தர வேண்டாம். பெயர் மட்டும் போட்டா போதும்."

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "யார் வேணும்னாலும் போடலாம்னா, நாங்க எதுக்குத் தம்பி போடணும்?"

எனக்குப் பதில் வரவில்லை. வேறெங்கும் வராதது என்பதை வைத்துத்தான் ஒரு பத்திரிகை தன் மதிப்பை அளக்கிறது. பகிரப் பகிர மதிப்புக் கூடும் என்பது எங்கள் கணக்கு. அவர் அச்சகத்துக்குப் பாக்கி வைத்திருப்பவர். எங்கள் கணக்கு அங்கே எடுபடாது. அப்புறம் அவர் ஊர் உரக்கடையில் நடந்ததை வைத்துத் தனியாக ஒன்று எழுதிக் கொடுத்தேன், போட்டார்.

ஓமானிலிருந்து வந்த கொம்பு

மென்பொருளைப் பற்றி எழுதுவது ஒரு பக்கம் இருக்க, பத்திரிகையே அந்த மென்பொருளில் தயாரானால் எப்படி இருக்கும்? கேரளத்தில் ஜனயுகம் என்ற மலையாள நாளிதழ் 2019-இல் அதைச் செய்தது. பேஜ்மேக்கரை விட்டு, பக்கம் வடிவமைக்கும் திறந்த மூல மென்பொருளான ஸ்க்ரைபஸுக்கு வந்தார்கள். படங்களுக்குக் கிம்ப், வரைகலைக்கு இங்க்ஸ்கேப், இயங்குதளம் குபுண்டு. அவர்களை நகர்த்தியதில் யூனிகோடுக்குப் பெரிய பங்கு. அச்சுக்கு ஒரு தடவை, இணையத்துக்கு ஒரு தடவை என்று ஒரே செய்தியை மாற்றி மாற்றி அல்லாடுவது நின்றது. தட்டச்சு செய்பவர்களையும் பக்கம் வடிவமைப்பவர்களையும் உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்துத்தான் மாறினார்கள். தினமும் ராத்திரி பக்கம் முடிக்க வேண்டிய நெருக்கடியில் இருக்கும் ஒரு நாளிதழ் இதைச் செய்தது என்பது, மாத இதழ் நடத்துகிற நாம் சொல்லும் சாக்குகளைக் கொஞ்சம் கூச வைக்கிறது.

இது பத்து வருஷம் முன்னால் நடந்திருக்காது. அன்றைய ஸ்க்ரைபஸில் 'கொ' என்று அடித்தால் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராது. குறிகள் தத்தம் இடம் தெரியாமல் சிதறும். நான் அதைத் திறந்து 'கொடி' என்று அடித்துப் பார்த்துவிட்டு மூடிய நாள் நினைவிருக்கிறது. எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து உருமாறும் மொழிகளுக்கான அந்த வேலையைச் செய்தது ஓமான் நாட்டிலுள்ள ஒரு திறந்த மூலக் குழு. அவர்கள் தேவை அரபி. அவர்கள் எழுதியது ஸ்க்ரைபஸின் 1.5 வரிசையில் சேர்ந்தபோது, மலையாளமும் தமிழும் சேர்ந்தே நேராகின. அந்த வரிசை முதிர்ந்து 1.6 என்ற நிலையான பதிப்பாக 2024 ஜனவரியில் வந்தது. மூலநிரல் திறந்திருப்பதால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு நான் இப்போது வேறு உவமை எதுவும் சொல்வதில்லை. சமையல் குறிப்பு, மசால் தோசை, கார் பானெட் எல்லாம் சொல்லிச் சலித்துவிட்டது. அரபி எழுத ஆசைப்பட்ட ஓமான்காரரால் உங்கள் கொம்பு சரியாக நிற்கிறது என்று சொன்னால் டிடிபி போடுபவருக்கு உடனே புரிகிறது.

ஒரு கட்டுரையின் கீழே என் கைபேசி எண்ணைப் போட்டிருந்தேன். ஒன்பது அழைப்பு வந்தது. நாலு பேர் கேட்டது, "பழைய டைப்ரைட்டர் கீபோர்டு வருமா?" லோயர், ஹையர் பாஸ் பண்ணியவர்கள், கை அந்த விசைகளில் ஊறிப்போனது, தமிழ்99 விசைப்பலகைக்கு மாறச் சொன்னால் போனை வைத்துவிடுவார்கள். வரும், லினக்ஸில் தமிழ்99, ஒலிப்புமுறை, தட்டச்சு முறை எல்லாமே உண்டு. அதைத்தான் நான் கட்டுரையில் எழுதவே இல்லை. இரண்டு பேர் "டேலி ஓடுமா?" அந்தக் கணக்கு மென்பொருள் லினக்ஸில் நேரடியாக ஓடாது என்று சொன்னேன், இழுத்துப் பிடித்து ஓட வைக்கலாம் என்று ஆசை காட்டினால் மார்ச் மாதம் கணக்கு முடிக்கும்போது அவர் என்னைத் தேடி வருவார். ஒருவர் தன் லேசர் பிரிண்டர் பெயரைச் சொல்லிக் கேட்டார், அதுவும் தகராறுதான். ஒருவர் என்னைக் கணினி ரிப்பேர்காரர் என்று நினைத்தார். இன்னொருவர் பழைய லேப்டாப் இருந்தால் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். சுதந்திரம் பற்றி யாரும் கேட்கவில்லை. அடுத்த கட்டுரையை விசைப்பலகையிலிருந்து தொடங்கினேன். அதிலும் ஒரு சிக்கல்: தமிழில் 'கோப்பு' என்று எழுதினால் அவர் திரையில் 'ஃபைல்' என்று இருக்கிறது. திரையில் உள்ளதை எழுதினால் தமிழாக்கம் செய்த நண்பர்கள் வருத்தப்படுகிறார்கள். நான் திரையின் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

ளரனழ போட்ட அக்காவைப் போன வருஷம் மறுபடி பார்த்தேன். இதழ் வேலை இன்னும் அவரிடம்தான். பழைய கணினியில் பேஜ்மேக்கர் ஓடுகிறது. மகனுக்கு வாங்கிய மடிக்கணினியில் அது கிடையாது. பதினைந்து வருஷத்துக் கோப்புகள், ஆண்டு மலர்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள் எல்லாம் ஒரு வட்டில் கிடக்கின்றன, அந்தப் பெட்டி போய்விட்டால் எல்லாம் போய்விடும் என்று பயந்துகொண்டிருந்தார். மகனின் கணினியில், விண்டோஸிலேயே, லிப்ரே ஆபீஸை ஏற்றினோம். அதன் டிரா நிரல் 2015 முதல் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கும். ஒரு பழைய பொங்கல் மலரை இழுத்துப் போட்டார். இரண்டு படம் இடம் மாறி வந்தது, ஒரு கட்டம் காணோம், ஆனால் எழுத்து அப்படியே வந்து நின்றது. அதை யூனிகோடாக மாற்ற, ஓப்பன் தமிழ் என்கிற பைத்தான் தொகுப்பைப் பையனிடம் காட்டினேன். அவன் அரை மணியில் ஒரு மலரை முழுக்க மாற்றி, தன் தாத்தா எழுதிய வாழ்த்துக் கவிதையைக் கைபேசியில் அக்காவுக்கே அனுப்பினான்.

அக்கா அதை இரண்டு தடவை படித்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "இதெல்லாம் இருக்கும்போது, அன்னைக்கு எதுக்குத் தம்பி அந்த ளரனழ?" என்றார்.

அடுத்த மாத இதழுக்குப் பழைய பேஜ்மேக்கர் கோப்புகளைக் காப்பாற்றுவது பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஆங்கில எழுத்து ஒன்றுகூட வைக்கவில்லை. அக்கா அதைப் பாமினியில் போட்டு, பிழை பார்க்க எனக்கு அனுப்பினார்.